முதல் செலவு ஸ்நேர் பேடுக்கு

எலக்ட்ரானிக் டிரம் கிட் வைத்திருப்பவர் யாராவது, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, எதை மாற்றலாம் என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஸ்நேர் பேடை, அதாவது ஸ்நேர் முரசுக்குப் பதிலாகக் குச்சியால் அடிக்கும் தட்டை மாற்றுங்கள். இன்னொரு சிம்பல் வேண்டாம். டாம் என்ற மற்ற முரசுகளின் பேடுகள் சிறியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அடியை ஒலியாக மாற்றும் பெட்டியான மாட்யூலுக்குள் எத்தனை நூறு ஒலிகள் இருக்கின்றன என்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஒரு வட்டத்தில்தான் டிரம்மரின் இடது கை குடியிருக்கிறது.

டாமை ஒரு பாட்டில் நாலைந்து இடத்தில் தொட்டால் அதிகம். ஸ்நேரை விட்டுக் கை விலகுவதே இல்லை. பலமான அடிகள் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் விழுகின்றன. அவற்றுக்கு இடையில் குச்சி தன் துள்ளலிலேயே மெல்லத் தொட்டுப் போகும் சிற்றடிகள் இருக்கின்றன. கோஸ்ட் நோட் என்று டிரம்மர்கள் சொல்வது இவற்றைத்தான். கேட்பவர் காதில் அவை தனியாக விழுவதில்லை. ஆனால் எடுத்துவிட்டால் தாளம் சப்பென்று ஆகிவிடும். பிறகு விளிம்பு. குச்சி தோலிலும் விளிம்பிலும் ஒரே கணத்தில் விழுந்தால் அது ரிம்ஷாட், அறை முழுவதும் அதிரும். உள்ளங்கையைத் தோலில் ஊன்றி, குச்சியைப் படுக்கவைத்து, விளிம்பில் மட்டும் தட்டினால் கிராஸ் ஸ்டிக், உலர்ந்த ஒரு ‘டக்’. ஒரே பேட் இவ்வளவையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. கிட்டில் வேறு எந்தப் பேடுக்கும் இந்தச் சுமை கிடையாது.

நான் வாசிப்பது களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஓர் ஆலயத்தில், பாடகர் குழுவோடு. அந்தப் பக்கம் பாறசாலை, கேரளம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது விழுந்த எல்லை எங்கள் ஊர்களை ஒட்டித்தான் போகிறது. ஆராதனை தமிழில் நடக்கும். சாமான் வாங்கப் போனால் மலையாளத்தில் விலை பேசுவோம். ஆலயம் சிறியது. சுவரில் வெறும் சிமெண்டுப் பூச்சு, தரையில் டைல்ஸ். அதற்குள் அசல் டிரம்ஸை வைத்தால் சிம்பலின் கார்வை அடங்குவதற்குள் பாட்டில் அடுத்த வரி வந்துவிடும். பாடுகிற அக்காமாரின் குரல் இரண்டு வரிசைகூடத் தாண்டாது. அதனால் சபை எலக்ட்ரானிக் கிட் வாங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் கிட்டோடு வந்த ஸ்நேர் 8 அங்குல ரப்பர் பேட், ஒற்றை மண்டலம். நடுவில் தட்டினாலும் ஓரத்தில் தட்டினாலும் ஒரே ஒலி.

எங்கள் பாடல்களில் பாதிக்குக் கிராஸ் ஸ்டிக் கட்டாயம் வேண்டும். ஆறு-எட்டுத் தாளத்தில் போகும் ஞானப்பாட்டில், சரணத்தில் குரல்கள் தணியும்போது, ஸ்நேரை முழு ஒலியோடு அடிப்பது பாட்டுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. கீர்த்தனைக்குத் தபேலா கூட இருக்கும் நாளில் விளிம்பின் ‘டக்’ மட்டுமே போதும், அதற்கு மேல் டிரம்மர் எதுவும் செய்யக் கூடாது. எங்கள் பேடிலோ விளிம்பே இல்லை. “மக்களே, கொஞ்சம் அடக்கி வாசி” என்று குழுத் தலைவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார். அடக்கினால் பாதி அடிகள் மாட்யூலுக்குக் கேட்காமலே போய்விடும். மீதிப் பாதி, பலமாக அடித்தது போலவே ஒலிக்கும்.

ரப்பரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் மாவட்டத்தில் அருமனை, குலசேகரம், கீரிப்பாறை என்று மலையடிவாரம் வரை ரப்பர் மரங்கள்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் எங்கள் பாடகர் குழுவிலேயே உண்டு. சிரட்டையில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, தட்டில் ஊற்றி, ஆசிட் கலந்து உறையவைத்து, உருளைகளுக்கு இடையில் கொடுத்து ஷீட் ஆக்கி, புகைப்புரையில் தொங்கவிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டையும் தாங்கும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டதால்தான் டயரிலிருந்து டிரம் பேட் வரை ரப்பரை நம்ப முடிகிறது.

எலக்ட்ரானிக் டிரம்ஸிலும் ரப்பர் ஒரு காலத்தில் முன்னேற்றமாகவே வந்தது. 1981இல் வெளிவந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 கிட்டின் அறுகோணப் பேடுகளுக்குப் பாலிகார்பனேட் முகம். கலவரத்தை அடக்கும் காவலர்கள் ஏந்தும் கேடயத்தின் பிளாஸ்டிக் அது. வாசித்தவர்களுக்கு மணிக்கட்டு வலித்தது, அடுத்து வந்த மாதிரிகளில் ரப்பர் முகம் போட்டார்கள். அந்தக் கைகளுக்கு ரப்பர் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்றும் அது நன்றாக உழைக்கிறது. முறுக்கிச் சரிசெய்ய அதில் எதுவும் இல்லை. ஆனால் மெல்லிய ரப்பருக்கு அடியில் கட்டியான தளம் இருப்பதால் அதிர்ச்சி கைக்கே திரும்புகிறது. வெப்பமும் வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் ஆண்டுக்கணக்கில் மேற்பரப்பை இறுக்கிவிடுகின்றன. எங்கள் ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தால், ஸ்பீக்கரில் வரும் ஸ்நேரோடு குச்சி ரப்பரில் மோதும் ‘டொக்’ என்ற சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

அடுத்த மாற்றம் வலையாக வந்தது. ரோலண்ட் நிறுவனம் 1997இல் டிடி-10 மாட்யூலோடு வி-டிரம்ஸைக் கொண்டுவந்தபோது, பேடின் மேல் நெய்த வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த மெஷ் தோலை ரோலண்டோடு சேர்ந்து உருவாக்கியது ரெமோ நிறுவனம். கன்றுத் தோலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் தோலை உலகம் முழுக்கப் பரப்புவதற்காக ரெமோ பெல்லி 1957இல் தொடங்கிய நிறுவனம் அது. நாற்பது ஆண்டு இடைவெளியில் டிரம்மின் தோலை இருமுறை மாற்றிய கைகள் அவை. வலையில் காற்று ஊடுருவிப் போவதால் அறைக்குள் சத்தம் குறைவு. சுற்றிலும் திருகாணிகள் இருப்பதால் டிரம் கீ கொண்டு இறுக்கத்தை நம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். யமஹா வேறு வழியில் போனது. அதன் எக்ஸ்பி பேடுகளின் முகம், உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் கொண்ட சிலிகான். ரப்பரின் எளிமையும் வலையின் மென்மையும் அதில் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

ரப்பரா, வலையா என்ற வாதத்தில்தான் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் அது இரண்டாம் கேள்வி. முதல் கேள்வியை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு செண்டை ஆசான். எல்லைக்கு இரண்டு பக்கமும் திருவிழாவென்றால் செண்டைக் குழுக்களின் சிங்காரி மேளம் இருக்கும். அந்தக் குழுவொன்றில் மூத்தவர், எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தபோது என் பயிற்சியைக் கேட்டு உள்ளே வந்தார். பேடில் குச்சியால் மிக மெல்லத் தட்டினார். ஒலி வரவில்லை. கொஞ்சம் கூட்டினார், திடீரென்று பெரிய அடியாக வந்தது. ரப்பர் மிகவும் கடினமாக இருக்கிறது ஆசானே என்றேன்.

“கடினம் ஒரு குற்றமா? நாங்கள் புளியங்கம்பால் கருங்கல்லில் அடித்துத்தான் பழகுகிறோம். கல்லைவிடக் கடினமா இது?” என்றார். பிறகு, “கல்லுக்குக் காது வேண்டாம். அது பழகுவதற்கு. ஆட்கள் கேட்க வாசிக்கிற பொருளுக்குக் காது வேண்டும். இதற்கு இல்லை, மக்களே” என்றார்.

பேடின் வேலை அதுதான், கேட்பது. செண்டையின் இடது முகமான இடந்தலையில் விரலளவு நகர்ந்தால் நாதம் மாறுவதைக் கையால் அறிந்தவர் அவர். அதற்குப் பிறகு நான் பேடுகளின் மேல்முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

உள்ளே இருப்பது பித்தளைத் தகட்டின் மேல் பீங்கான் போன்ற ஒரு படலம் ஒட்டிய சிறு வட்டு. பீசோ என்று சொல்கிறோம். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்பதைக் கியூரி சகோதரர்கள், ழாக்கும் பியேரும், 1880இல் கண்டார்கள். குச்சி விழும் அதிர்வை இந்த வட்டு மின்துடிப்பாக மாற்றுகிறது; மாட்யூல் அந்தத் துடிப்பின் உயரத்தை அளந்து ஒலியின் வலுவைத் தீர்மானிக்கிறது. 1983 முதல் புழக்கத்தில் இருக்கும், மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி முறையில் அந்த வலுவுக்கு 1 முதல் 127 வரை எண். கோஸ்ட் நோட் இருபது முப்பதுக்குள் இருக்கவேண்டும், ரிம்ஷாட் உச்சியைத் தொடவேண்டும். எங்கள் பழைய பேடில் எழுபதுக்குக் கீழே ஏறத்தாழ எதுவுமே பதிவாகவில்லை.

விளிம்பு எப்படிக் கேட்கிறது என்பதில்தான் பேடுகள் பிரிகின்றன. ஒருவகையில் தலைக்கு, அதாவது அடிபடும் முகத்துக்குப் பீசோ, விளிம்புக்குச் சுவிட்ச். விளிம்பை அழுத்தினால் சுவிட்ச் மூடுகிறது; அடியின் வலுவைத் தலையின் பீசோவே சொல்லவேண்டும். டாமுக்கும் சிம்பலுக்கும் இது போதும். ஸ்நேரின் கிராஸ் ஸ்டிக்குக்குப் போதாது, ஏனென்றால் அங்கே தோல் அடிபடுவதே இல்லை. இன்னொரு வகையில் தலைக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என இரண்டு பீசோக்கள். இரண்டு துடிப்புகளையும் ஒப்பிட்டு, இரண்டும் வலுவாக வந்தால் ரிம்ஷாட் என்றும் விளிம்பு மட்டும் வந்தால் கிராஸ் ஸ்டிக் என்றும் மாட்யூல் முடிவுசெய்கிறது. ஸ்நேருக்கு வாங்கினால் இந்த இரண்டாம் வகையையே வாங்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் பேடுக்குக் காது இருந்து மாட்யூலுக்கு இல்லாவிட்டால் பயனில்லை. சில தொடக்கநிலை மாட்யூல்கள் சுவிட்ச் விளிம்பை மட்டுமே அறியும். சிலவற்றில் ஸ்நேர் துளை மட்டும் இரண்டு பீசோவையும் ஏற்கும், மற்றவை ஏற்காது. யமஹாவின் மூன்று மண்டலப் பேடை ரோலண்ட் மாட்யூலில் சொருகினால் மூன்றும் கிடைக்காது, இரண்டு நிறுவனங்களும் விளிம்பை வேறு வேறு வழியில் கேட்கின்றன. ரோலண்டின் பிடி-140டிஎஸ் என்ற 14 அங்குலப் பேட் 2016இல் வந்தபோது தோலில் ஊன்றிய உள்ளங்கையைக்கூட அறிந்தது. ஆனால் அது யுஎஸ்பி கம்பியால் பேசும் பேட், அந்தத் துளை உள்ள மாட்யூலில் மட்டுமே வேலை செய்யும். ஆகவே மாட்யூலின் கையேட்டில் டிரிகர் (அடியை உணரும் அமைப்பு) பகுதியை வாசித்த பிறகே கடைக்குப் போகவேண்டும். கம்பியையும் பார்க்கவேண்டும். தலை, விளிம்பு, தரை (கிரவுண்ட்) என மூன்று இணைப்புள்ள ஸ்டீரியோ ஜாக் வேண்டும். கிடாருக்குப் போடும் மோனோ கம்பியைச் சொருகினால் விளிம்பு ஊமையாகிவிடும், பேட் கெட்டுப்போனதாகவே நினைக்கத் தோன்றும்.

எங்கள் மாட்யூல் ஸ்நேர் துளையில் இரண்டு பீசோவை ஏற்றது. பெரிய நிறுவனத்தின் புதிய 12 அங்குலப் பேட் வாங்கினால் தொடக்கநிலைக் கிட் ஒன்றின் விலையையே அது எட்டிவிடும். சபையின் பணத்தில் அது நியாயம் அல்ல. ஆலயத்தின் பண்டக அறையில் பழைய ஸ்நேர் ஒன்று கிடந்தது. அதில் மெஷ் தோல் போட்டு, விளிம்பில் கவ்வும் ரோலண்ட் ஆர்டி-30எச்ஆர் போன்ற டிரிகரைப் பொருத்தும் வழியும் இருக்கிறது. கையில் நல்ல டிரம் உடல் இருப்பவர்களுக்கு அது சிறந்த வழி என்றே சொல்வேன், உண்மையான 14 அங்குலமும் உண்மையான வளையமும் கிடைக்கும். எங்கள் ஸ்நேரின் வளையம் துருப்பிடித்து வளைந்திருந்தது. அதனால் பழையது தேடினோம். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒருவர் 12 அங்குல, இரட்டைப் பீசோ மெஷ் பேடை விற்கிறார் என்று தெரிந்தது.

பழைய பேட் பார்க்கப் போகும்போது சொந்த மாட்யூலையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். நாங்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். “சேட்டா, எங்கள் மாட்யூலில் போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டதும் அவர் மகிழ்ச்சியோடு மேசையை ஒழித்துக் கொடுத்தார். முதலில் பலமாக எதையும் அடிக்கவில்லை. ஒரு விரலால் நடுவிலிருந்து ஓரம் வரை தட்டிக்கொண்டே போனேன். நடுவில் உணரி இருக்கும் பேடுகளில் சரியாக நடுப்புள்ளியில் மட்டும் ஒலி எகிறும். அதைத் தாங்கும் நுரைக்கூம்பு பழசாகி அமுங்கியிருந்தால் அதற்கு மாறாக ஒலி மங்கும். வலையை அழுத்திக் கூம்பின் நுனி விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்த்தேன். கூம்பு சோர்ந்திருந்தது. அது தனியாகக் கிடைக்கும் மலிவான பொருள் என்பதால் அதைச் சொல்லியே விலையைக் குறைத்துப் பேச முடிந்தது. அடுத்து விளிம்பில் கிராஸ் ஸ்டிக், சுற்றி நான்கு பக்கமும். பிறகு ஜாக்கைச் சொருகி மெல்ல ஆட்டிப் பார்த்தேன். இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள எங்கள் பக்கத்தில் முதலில் நோய் பிடிக்கும் இடம் ஜாக்குதான். சிறு கரகரப்பு இருந்தது; கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்ததும் போய்விட்டது.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெரிய வேலை. பெரிய பேடை கிட்டின் சட்டத்தில் தொங்கவிடாமல் தனி ஸ்நேர் ஸ்டாண்டில் வைத்தோம். கிக் பெடலின் உதையும் டாம் அடியும் குழாய்ச் சட்டத்தின் வழியாக ஸ்நேருக்குள் நுழைந்து, யாரும் தொடாமலே அது ஒலிப்பதைக் கிராஸ்டாக் என்பார்கள். மாட்யூலில் அதைத் தடுக்கும் அமைப்பு உண்டு. ஆனால் அதைக் கூட்டக் கூட்ட மெல்லிய அடிகளும் சேர்ந்து பலியாகும். ஸ்டாண்ட் தனியாக நின்றதும் அந்த அமைப்பை ஏறத்தாழ அடித்தளத்துக்கே இறக்கிவிட முடிந்தது. கோஸ்ட் நோட்டை மீட்டுத் தந்ததில் பேடுக்கு எவ்வளவு பங்கோ, அந்தச் சாதாரண ஸ்டாண்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

வலையை எதிரெதிர்த் திருகாணிகளாக மாற்றி மாற்றி இறுக்கவேண்டும், ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் வலை கோணும். எவ்வளவு இறுக்கம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. மெஷ் இயல்பாகவே பாலியெஸ்டர் தோலைவிட அதிகமாகத் துள்ளும். அதிலேயே பழகிய கை அசல் ஸ்நேருக்குப் போகும்போது ரோல் (இடைவிடாமல் உருளும் அடி) வராமல் திணறும். ஆகவே வாசிக்கச் சுகமாக இருக்கும் அளவுக்குச் சற்றே முன்னால் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பிறகு மாட்யூல். பேடின் வகையை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். சென்சிடிவிட்டியை, நம்மால் முடிந்த மிகப் பலமான அடி மட்டும் 127ஐத் தொடும்படி வைக்கவேண்டும். சாதாரண அடியே 127 காட்டினால் மேலே ஏற இடமில்லை. த்ரெஷோல்டு என்பது இதற்குக் கீழான துடிப்பைக் கேட்காதே என்ற கட்டளை. அதை முழுவதும் இறக்கி, காலால் தரையைத் தட்டி, பேடைத் தொடாமலே ஒலி வரும் இடத்தில் ஒரு படி ஏற்றி நிறுத்தினேன். வலை ஓர் அடிக்குப் பிறகும் அதிர்ந்துகொண்டிருப்பதால் ஓர் அடி இரண்டாகப் பதிவாகலாம். அதைத் தடுக்கும் ரீடிரிகர் அமைப்பை அளவுக்கு மேல் கூட்டினால் ரோலில் அடிகள் காணாமல் போகும். கடைசியாக விளிம்பின் அளவு. ரிம்ஷாட் எளிதாக வரவேண்டுமென்று அதைக் கூட்டினால் சாதாரண அடியும் ரிம்ஷாட்டாக மாறும். குறைத்தால் கிராஸ் ஸ்டிக் பலவீனப்படும். இந்த இழுபறிக்குப் பல மாலைகள் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு ஒரே ஞானப்பாட்டை மெல்ல, நடுத்தரமாக, உரக்க என்று வாசித்து, எண்ணைப் பார்க்காமல் காதால் முடிவுசெய்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய ஒத்திகையில் முதல்முறையாகச் சரணம் முழுவதும் கிராஸ் ஸ்டிக்கில் வாசித்தேன். பல்லவி திரும்பும் இடத்தில் சிற்றடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கி ரிம்ஷாட்டில் போய் நின்றேன். குழுத் தலைவர் கையைத் தாழ்த்தவில்லை. பாட்டு முடிந்ததும் ஆல்டோ பாடும் அக்கா ஒருவர், “தம்பி, இன்றைக்குத்தான் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கிறது” என்றார். ஸ்பீக்கரின் அளவு பழைய அளவுதான், யாரும் தொடவில்லை.

பழைய ரப்பர் பேடைச் சட்டத்திலேயே வைத்திருக்கிறோம், மாட்யூலின் கூடுதல் துளையில், டாம்பரின் ஒலியோடு. அந்த ஒலிக்கு ஒற்றை மண்டலம் தாராளம். அடுத்து மாற்றவேண்டியது, காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டின் பெடல். இப்போது இருப்பது திறப்பதையும் மூடுவதையும் மட்டுமே அறிகிறது, பாதித் திறப்பு அதற்குத் தெரியாது. சபைக் கணக்கில் பணம் சேர்ந்ததும் அதற்கான மாட்யூல் பொருத்தத்தைப் பார்த்து எழுதுகிறேன்.